சக்கரம் எண்ணும் தூரம்

மராத்தான் பாதையின் 42.195 கிலோமீட்டரை எதைக்கொண்டு அளக்கிறார்கள்? சைக்கிளைக்கொண்டு. தலைக்கு மேலே இத்தனை செயற்கைக்கோள்கள் சுற்றும் காலத்திலும், சாலை ஓட்டப் பாதைகளுக்கு உலகத் தடகள அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கும் அளவீட்டு முறை அதுதான். முன்சக்கரத்தின் அச்சருகே ‘ஜோன்ஸ் கவுன்டர்’ என்ற சிறிய பற்சக்கர எண்ணியைப் பூட்டிய சைக்கிளில், பயிற்சி பெற்ற அளவீட்டாளர் பாதை முழுவதையும் ஓட்டிச் செல்வார். அதற்கு முன்பே, எஃகு நாடாவால் அளந்து வைத்த நேரான சாலைத் துண்டு ஒன்றில் நான்கு முறை ஓட்டித் தன் சக்கரத்தின் அளவை உறுதிசெய்துகொள்வார். பாதையை அளந்து முடித்ததும் அதே துண்டில் இன்னும் நான்கு முறை ஓட்டுவார். வெயில் ஏறினால் டயருக்குள் காற்றழுத்தம் கூடும், சக்கரம் நூலிழை பெருக்கும். அதைப் பிடிக்கத்தான் இந்த இரண்டாம் சோதனை. கடைசியாக, பாதை தப்பித்தவறியும் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட்டுவார்கள். முழு மராத்தானுக்கு அந்தக் கூடுதல் 42 மீட்டர்தான். அமெரிக்கரான ஆலன் ஜோன்ஸ் 1971-இல் வடிவமைத்த எண்ணியின் வழிவந்த கருவிகள் இன்றும் இந்த வேலையைச் செய்கின்றன.

ரோடு பைக்குக்கு வயர்லெஸ் சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. “ஜிபிஎஸ் வேண்டுமா, வேண்டாமா?” என்றுதான் அங்கே பேச்சு தொடங்கும். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. சக்கரத்தின் சுற்றை இந்தக் கருவி எப்படி எண்ணுகிறது, எண்ணியதை எப்படி ஹேண்டில்பாருக்கு அனுப்புகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் விலைப்பட்டியலில் பாதிக்கு மேல் தானாகக் கழிந்துவிடும்.

சுற்றை எண்ணுவது பழைய வித்தை. 1895-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கர்டிஸ் வீடர் செய்து விற்கத் தொடங்கிய சைக்ளோமீட்டரில் மின்சாரமே கிடையாது. ஸ்போக்கில் பூட்டிய சிறு முளை ஒவ்வொரு சுற்றிலும் நட்சத்திர வடிவச் சக்கரத்தின் பல்லை ஒரு தட்டு தட்டும். உள்ளே பற்சக்கரங்கள் நகர்ந்து தூரம் எண்களாக உருளும். தூரத்தை மட்டுமே அது சொன்னது. வேகத்தைச் சொல்ல வேண்டுமானால் தூரத்தோடு நேரமும் தெரிய வேண்டும். அந்த நேரம் குவார்ட்ஸ் கடிகாரத்தோடு வந்தது. 1980-களில் ஒசாகாவின் கேட்-ஐ போன்ற நிறுவனங்கள் சைக்கிளுக்கு மின்னணுக் கருவிகளைக் கொண்டுவந்தபோது, முளையின் இடத்தில் ஸ்போக்கில் ஒரு காந்தம் ஏறியது. பல்லின் இடத்தில் ஃபோர்க்கில் ஒரு ‘ரீட் சுவிட்ச்’ அமர்ந்தது. பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் 1936-இல் உருவாக்கிய சாதனம் இது. கண்ணாடிக் குழாய்க்குள் தொட்டும் தொடாமலும் நிற்கும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் நெருங்கினால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். உரசல் இல்லை, தூசி புகாது, தேய்மானமும் மிகக் குறைவு.

700 × 25சி டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.105 மீட்டர் போகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 8.33 மீட்டர், அதாவது நொடிக்கு நான்கு சுற்றுக்குச் சற்றே குறைவு. கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். ஆகவே ஒரு சுற்று முடிவதற்குள் கம்ப்யூட்டர் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளை எண்ணிவிடும். நேரத்தில் பிழை இல்லை என்றே சொல்லலாம். சுற்றுகளின் எண்ணிக்கையும் முழு எண். அதில் அரைகுறைக்கு இடமில்லை. பிழை நுழைய எஞ்சியிருக்கும் பெரிய வாசல் சுற்றளவு ஒன்றுதான், அந்த எண்ணைக் கருவிக்குச் சொல்லிக்கொடுப்பவர் நாம்.

கருவியோடு வரும் கையேட்டில் ஒரு பட்டியல் இருக்கும்: 23சி டயருக்கு 2096 மில்லிமீட்டர், 25சி-க்கு 2105, 28சி-க்கு 2136, 32சி-க்கு 2155. ரோடு பைக் உலகம் கடந்த சில ஆண்டுகளில் 23-லிருந்து 25-க்கும், அங்கிருந்து 28-க்கும் நகர்ந்துவிட்டது. டயரை மாற்றுகிறவர்கள் கம்ப்யூட்டரில் எண்ணை மாற்ற மறந்துவிடுவது சாதாரணம். 23-க்கான எண்ணை அப்படியே விட்டு 28-இல் ஓட்டினால் உண்மையான 100 கிலோமீட்டர் திரையில் 98.1 ஆகத் தெரியும். அன்றாடப் பயிற்சிக்கு அது பெரிய குறையாகப் படாது. தமிழ்நாட்டிலும் இப்போது ‘ப்ரெவே’ எனப்படும் நெடுந்தொலைவுப் பயணங்களுக்குப் பலர் போகிறார்கள். 150-ஆம் கிலோமீட்டரில் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று வழிக்குறிப்புத் தாள் சொல்லும். திரும்ப வேண்டிய இடத்தில் உங்கள் திரை 147.2 காட்டிக்கொண்டிருக்கும். விடியாத இருட்டில், தெரியாத ஊரில், அந்த மூன்று கிலோமீட்டர் வித்தியாசம் சிறியதல்ல.

பட்டியல் எண்ணும்கூடத் தோராயமானதே. ஒரே டயர் அகல ரிம்மில் ஒரு மாதிரியும் குறுகிய ரிம்மில் வேறு மாதிரியும் விரியும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயர் தரையில் அமுங்கி, ஒரு சுற்றில் போகும் தூரம் சில மில்லிமீட்டர் குறையும். எனவே அளந்து பார்ப்பதே வழி. வழக்கமான அளவுக்குக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். சமதளத்தில், முன்சக்கரத்தின் வால்வு நேர்கீழே இருக்கும்போது தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. சைக்கிளில் நீங்களே உட்கார்ந்துகொள்ள, நண்பர் ஒருவர் பிடித்தபடி நேராக உருட்டட்டும். வால்வு ஐந்தாவது முறை கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை ஐந்தால் வகுத்தால் உங்கள் எடைக்கு, உங்கள் டயருக்கு, உங்கள் காற்றுக்கு உரிய சுற்றளவு கிடைத்துவிடும். நாடாவைப் பிடிப்பதில் ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர்தான் பிசகும். அது ஆயிரத்தில் ஒரு பங்கு. வீட்டு வாசலில் சாக்பீஸைக் கொண்டு இந்தத் துல்லியத்தை எட்ட முடிகிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம். ஆகவே வாங்கும் கருவி சுற்றளவை மில்லிமீட்டரில் ஏற்க வேண்டும். முன்கூட்டியே எழுதிவைத்த சில டயர் அளவுகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டுமே விடும் மாடல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி வயர்லெஸ். இங்கேதான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாற்றமடைகிறார்கள். பெட்டியின் மேல் ஒரே சொல்லாக எழுதியிருந்தாலும் அதற்குள் இரண்டு வேறு வேறு தொழில்நுட்பங்கள் இருக்கின்றன.

பழையது அனலாக் வகை. காந்தம் ரீட் சுவிட்சைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் சென்சார் ஒரு துடிப்பை அனுப்பும். அது குறைந்த அதிர்வெண்ணில் எழும் ஒரு சிறு காந்தப்புலம். அருகிலுள்ள காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பத் தேய்ந்துபோகும். தூரம் இருமடங்கானால் வலிமை எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் இவ்வகைக் கருவிகளின் எல்லை பெரும்பாலும் 60, 70 சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது. முன்ஃபோர்க்கிலிருந்து ஹேண்டில்பார்வரை மட்டுமே எட்டும். பின்சக்கரத்தில் பொருத்த வழியில்லை. ஆகவே வீட்டுக்குள் ட்ரெய்னரில் பின்சக்கரத்தைச் சுழற்றிப் பயிற்சி செய்தால் திரையில் சுழியமே இருக்கும். பக்கத்தில் எழும் மின் இரைச்சலையும் இது துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஹேண்டில்பாரில் கம்ப்யூட்டரை ஒட்டிப் பொருத்திய எல்இடி விளக்கின் மின்சுற்று, உயர் அழுத்த மின்கம்பி, சில சமயம் பக்கத்தில் ஓட்டி வருபவரின் சென்சார் எனப் பலவும் அதைக் குழப்பும். சமதளத்தில் நிதானமாகப் போகும்போதே திரை 80, 90 என்று தாவுவதற்கும், விளக்கைப் போட்டதும் வேகம் மறைந்துபோவதற்கும் காரணம் இதுதான். இந்த முறையின் அடிப்படைக் குறை என்னவென்றால், ஒரு துடிப்பு வழியில் தொலைந்தால் அந்த இரண்டு மீட்டர் போனது போனதுதான். பிறகு அதை மீட்க முடியாது.

புதியது டிஜிட்டல் வகை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ஆன்ட் பிளஸ், ப்ளூடூத் இரண்டும் இதில் சேரும். எட்டும் தூரம் கூடியிருக்கிறது என்பதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் செய்தியின் உள்ளடக்கத்தில் நடந்திருக்கிறது. டிஜிட்டல் சென்சார் “இப்போது ஒரு சுற்று” என்று சொல்வதில்லை. சுற்றுகளைத் தானே எண்ணி வைத்துக்கொண்டு, “இதுவரை மொத்தம் இத்தனை சுற்று, கடைசிச் சுற்று முடிந்த நேரம் இது” என்று சொல்கிறது. வீட்டு மின் மீட்டர் வேலை செய்யும் விதம்தான். கணக்கெடுப்பவர் ஒரு தடவை வராமல் போனாலும் ஓடிய யூனிட் அழிந்துவிடாது. அடுத்த முறை பார்க்கும்போது பழைய எண்ணைக் கழித்தால் மொத்தமும் தெரிந்துவிடும். காற்றில் சில செய்திகள் தொலைந்தாலும், அடுத்து வந்து சேரும் ஒரே செய்தி விடுபட்ட சுற்றுகளையெல்லாம் சேர்த்தே கொண்டுவரும்.

அந்த இரண்டாம் பாதி, கடைசிச் சுற்று முடிந்த நேரம், எதற்கு? ஆன்ட் பிளஸ்ஸில் செய்தி போவது நொடிக்கு நான்கு முறை அளவில். 30 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் சுற்றுவதும் கிட்டத்தட்ட நொடிக்கு நான்கு முறை. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒரு செய்தியில் புதிய சுற்றே இருக்காது, அடுத்ததில் ஒன்று இருக்கும், எப்போதாவது இரண்டு இருக்கும். செய்தி வந்த நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிட்டால் எண் சுழியத்துக்கும் அறுபதுக்கும் இடையே துள்ளும். சுற்று முடிந்த நேரத்தை நொடியின் 1024-இல் ஒரு பங்கு நுணுக்கத்தோடு சென்சாரே குறித்து அனுப்புவதால், செய்தி எப்போது வந்து சேர்ந்தாலும் கணக்கு பிசகுவதில்லை. சில கிராம் எடையுள்ள பொட்டலத்துக்குள் இவ்வளவு யோசனை இருக்கிறது. நான் டிஜிட்டல் வகையை மட்டுமே வாங்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆன்ட் பிளஸ்ஸா, ப்ளூடூத்தா? கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் டைனாஸ்ட்ரீம் என்ற நிறுவனம் வளர்த்த நுட்பம் ஆன்ட். 2006-இல் அந்த நிறுவனத்தைக் கார்மின் வாங்கியது. குறைந்த ஆற்றல் ப்ளூடூத் 2010-இல் ப்ளூடூத் 4.0 தரத்தோடு வந்தது. ஆன்ட் பிளஸ் சென்சார் வானொலி நிலையம்போல ஒலிபரப்பும். எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் கேட்கலாம். ப்ளூடூத் சென்சார் பொதுவாக ஒரு கருவியோடு இணைந்து பேசும். பழைய சென்சார்கள் ஒரே நேரத்தில் ஓர் இணைப்பை மட்டுமே அனுமதித்தன. பாக்கெட்டிலுள்ள செல்போன் செயலி சென்சாரைப் பிடித்துக்கொண்டால் கம்ப்யூட்டர் “சென்சார் கிடைக்கவில்லை” என்று சொல்லும். சென்சார் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பேட்டரியை மாற்றிப் பார்ப்பவர்கள் பலர். இரண்டு மொழியும் பேசும் சென்சார்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன, அதையே வாங்குங்கள். பின்னாளில் இதயத்துடிப்புப் பட்டையோ மிதிக்கும் ஆற்றலை அளக்கும் பவர் மீட்டரோ சேர்க்க நினைத்தாலும் அப்போது சிக்கல் வராது.

ஸ்போக் காந்தம் இல்லாத, ஹப்பின் மேல் ரப்பர் பட்டையால் மாட்டும் சென்சார்களும் வந்துவிட்டன. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும்போது, புவியீர்ப்பின் திசையோ புவியின் காந்தப்புலமோ தன்னைச் சுற்றி வருவதை இது உணர்ந்து எண்ணும். ஏன் ஹப்பில் மாட்ட வேண்டும், ரிம்மில் மாட்டினால் என்ன என்று தோன்றலாம். நொடிக்கு நான்கு சுற்று வேகத்தில், அச்சிலிருந்து 2 சென்டிமீட்டரில் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பைப் போல 1.3 மடங்குதான். அதுவே ரிம்மில் இருபது மடங்கைத் தாண்டும். ஈர்ப்பின் மெல்லிய ஏற்ற இறக்கம் அதில் அமுங்கிப்போகும். ரோடு பைக்குக்கு இந்த வகை இன்னொரு விதத்திலும் தோதானது: தட்டை ஸ்போக் உள்ள சக்கரங்களில் சாதாரண ஸ்போக் காந்தம் சரியாகப் பிடிக்காது. காந்தம் விலகிச் சுழியம் காட்டும் தொல்லையும் இதில் இல்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வரலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. திறந்த வெளியில் நம் இருப்பிடத்தைச் சில மீட்டர் பிழைக்குள் சொல்லிவிடுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராக ஓட்டும்போது அது போதும். கொல்லிமலையில் ஏறிப் பாருங்கள். காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் நொடிக்கு இரண்டரை மீட்டர் நகர்கிறோம். நொடிக்கு ஒருமுறை புள்ளி வைக்கும் கருவியின் பிழை அந்த அடியைவிடப் பெரிது. மரங்களும் மலைச்சரிவும் வானத்தின் பாதியை மறைத்துவிடுகின்றன. பாறையில் பட்டுத் தெறித்த அலை நேரலையோடு கலக்கிறது. தாறுமாறான புள்ளிகளை அப்படியே இணைத்தால் தூரம் கூடும். அதைச் சீராக்க மென்பொருள் கோட்டை வழவழப்பாக்கினால் வளைவுகள் குறுக்கே வெட்டுப்பட்டுத் தூரம் குறையும். எந்தப் பக்கம் எவ்வளவு பிழை என்பது கருவிக்குக் கருவி மாறும். சக்கரமோ ஒவ்வொரு வளைவையும் உருண்டே கடக்கிறது.

அதற்காக ஜிபிஎஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வழியே போனோம், எங்கே திரும்ப வேண்டும் என்பதைச் சக்கரம் ஒருநாளும் சொல்லாது. ஜிபிஎஸ் கம்ப்யூட்டரோடு சக்கரச் சென்சாரையும் இணைத்துவிட்டால், நல்ல கருவிகள் பாதையை வானத்திலிருந்தும் தூரத்தையும் வேகத்தையும் சக்கரத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். ஜிபிஎஸ் கருவி வாங்குகிறவர்கள் சென்சாருக்குச் செலவழிக்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் தேவையில்லாதது. சுற்றளவைத் தானே கணித்துக்கொள்ளும் வசதி இருந்தாலும், நீங்கள் அளந்த எண்ணைக் கையால் பதிந்துவிடுங்கள்.

உயரத்துக்கு ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலடியில் ஒன்றுகூட இல்லை. அதனால் செங்குத்துப் பிழை கிடைமட்டப் பிழையைவிட அதிகம். காற்றழுத்தமானி உள்ள கருவி மேல். கடல்மட்டத்துக்கு அருகே அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ 8 மீட்டர் ஏறியதாகப் பொருள். ஆனால் வெப்பமண்டலத்தில் வாழும் நாம் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இங்கே காற்றழுத்தம் கடலலைபோல நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும்; காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நான்கு மணியளவில் தாழ்வு. இடையில் இரண்டு, மூன்று ஹெக்டோபாஸ்கல் குறைவது இயல்பு. காலையில் புறப்பட்டு மாலையில் அதே வாசலுக்குத் திரும்பினால், வீடு இருபது மீட்டர் உயர்ந்துவிட்டதாகக் கருவி காட்டும். அது கருவியின் பழுதல்ல, வளிமண்டலத்தின் அன்றாடத் துடிப்பு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெயிலையே பிரதிபலித்து எழுத்தைக் காட்டும் எல்சிடி திரை நம் ஊர் வெளிச்சத்துக்கு ஏற்றது. வண்ணத்துக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. மழைக்கு ஐபிஎக்ஸ்7 தரம் போதும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணிநேரம் தாங்க வேண்டும் என்பது அதன் சோதனை. பேட்டரியை உங்கள் நெடும்பயணத்தை வைத்துக் கணக்கிடுங்கள்: 300 கிலோமீட்டர் ப்ரெவேக்கு 20 மணிநேர வரம்பு, 400-க்கு 27, 600-க்கு 40. ஒரே சார்ஜில் அவ்வளவு நேரம் ஓடாத கருவியானால், ஓட்டிக்கொண்டே பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏற்ற இடம்கொடுக்கும் மாதிரியா என்று பாருங்கள். மவுன்டில் மாட்டிய நிலையில் சார்ஜ் துளை மறைந்துபோகும் வடிவமைப்புகளும் உண்டு.

வேகம், தூரம், மிதிக்கும் வேகம் ஆகியவை மட்டும் போதும் என்றால், ஜிபிஎஸ் இல்லாத, நாணய பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும் டிஜிட்டல் கருவியை வாங்குங்கள். அதைக் குறைந்த கருவி என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். தூரத்தைப் பொறுத்தவரை அது விலை உயர்ந்த ஜிபிஎஸ்ஸைவிட உண்மை சொல்லும். தெரியாத சாலைகளுக்குப் போகிறவர்கள் ஜிபிஎஸ்ஸும் ஹப் சென்சாரும் சேர்ந்த தொகுப்பை எடுக்கலாம். பெட்டியில் “70 சென்டிமீட்டர்” போன்ற எல்லை அச்சிட்டிருந்தால் அது அனலாக். ஆன்ட் பிளஸ், ப்ளூடூத் என்ற பெயர்களில் ஒன்றாவது இருந்தால் டிஜிட்டல். எதை வாங்கினாலும் முதல் நாளே சக்கரத்தை அளந்து எண்ணைப் பதியுங்கள். டயரை மாற்றும்போதும், வழக்கமாக அடிக்கும் காற்றின் அளவை நன்றாகக் கூட்டும்போதோ குறைக்கும்போதோ மறுபடி அளந்துகொள்ள வேண்டியிருக்கும்.